ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, எல்.கே.ஜி. பிள்ளைகளை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் நர்சரிப் பள்ளிகளின் அட்மிஷன் பேனர்களைக் கவனித்தால் வேன் வசதி, ஏ.சி. வகுப்பு, கராத்தே என்ற வரிசையில் இப்போது ‘ஸ்மார்ட் கிளாஸ்’ கட்டாயம் இருக்கிறது. பேனரில் போட்டாயிற்று என்பதால் பெட்டியும் வந்துவிடுகிறது. கம்பெனிக்காரர் ஒரு மணி நேரம் டெமோ காட்டி, ரிமோட்டையும் பேனாவையும் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். டெமோவில் சூரியக் குடும்பம் சுழன்றிருக்கும், இதயம் துடித்திருக்கும். மறுநாள் காலை உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பதோ டிபன் பாக்ஸைத் திறக்கத் தெரியாமல் அழும் மூன்றரை வயதுப் பிள்ளைகள்.

அந்த மறுநாள் காலைக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயிற்சி முடித்துப் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், வீட்டு மாடியில் சின்னதாகப் பிளே ஸ்கூல் நடத்துபவர்கள் எல்லோருக்கும் பயன்படும். எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். திரை ஓடும்போது பிள்ளைகள் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். கை நீட்டிக் காட்ட வேண்டும், சண்டை போட வேண்டும், “அது இல்ல மிஸ், இது” என்று எழுந்து வர வேண்டும். எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தால், எவ்வளவு அருமையான வீடியோவாக இருந்தாலும் நிறுத்திவிடுங்கள். அந்த அமைதியைப் பார்த்து ஹெச்.எம். பாராட்டினாலும் சரி.

அறையில் இருப்பது எது?

‘ஸ்மார்ட் போர்டு’ என்ற ஒரே பெயரில் நாலு விதமான சாமான்கள் உலவுகின்றன. பெரிய டிவி மாதிரி சுவரில் மாட்டி, விரல் பட்டால் வேலை செய்வது முதல் வகை. இதைப் பேனல் என்பார்கள். 65, 75, 86 அங்குலங்களில் வரும். பெரும்பாலானவற்றில் ஆண்ட்ராய்டு உள்ளேயே இருப்பதால் கம்ப்யூட்டர் இல்லாமலும் ஓடும்.

இரண்டாவது, புரொஜெக்டரும் வெள்ளைப் பலகையும் சேர்ந்தது. பிள்ளை முன்னால் போய் நின்றதும் அதன் நிழலே படத்தை மறைக்கும், திரும்பிப் பார்த்தால் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். பலகைக்கு மேலேயே ஒட்டினாற்போல் பொருத்தும் ஷார்ட் த்ரோ வகையில் இந்தத் தொல்லை குறைவு. புரொஜெக்டர் துளி அசைந்தாலும் விரல் வைக்கும் இடம் ஒன்று, கோடு விழும் இடம் இன்னொன்று என்று ஆகிவிடும். அப்போது காலிபிரேஷன் போட வேண்டும். திரையில் வரும் புள்ளிகளை வரிசையாகத் தொட்டுக்கொண்டே போவதுதான் அது, பயப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது டேப்லெட். நான்காவது, சாதாரண டிவியில் பென் டிரைவ் செருகி ஓட்டுவது. இதில் தொட ஒன்றுமில்லை. ஆனாலும் ஒரு படத்தைப் போட்டு நிறுத்திவைத்துக் கேள்வி கேட்க இது தாராளமாகப் போதும். டிவிதான் இருக்கிறது என்று யாரும் கவலைப்பட வேண்டாம், கீழே சொல்வதில் பாதிக்கு மேல் டிவிக்கும் பொருந்தும்.

எதுவானாலும் பிள்ளைகள் வருவதற்கு முன் காலி அறையில் தனியாக ஓட்டிப் பாருங்கள். ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போடுங்கள், எங்காவது அறுகிறதா? இரண்டு விரல் சேர்ந்து வைத்தால் என்ன ஆகிறது? உள்ளங்கையை வைத்தால்? சத்தத்தை எங்கே குறைப்பது? எல்லாம் சிக்கிக்கொண்டால் எந்தப் பொத்தானை அழுத்தினால் முதல் திரைக்குத் திரும்பும்? முப்பது பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மெனு தேடும் நிலைமை வரக் கூடாது. அந்த அரை நிமிடத்தில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும்.

எத்தனை நிமிடம்?

உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை உட்கார்ந்து திரை பார்ப்பது நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது என்று சொல்லியிருக்கிறது. நம் நாட்டுக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் இதே ரீதியில், 2 முதல் 5 வயது வரை ஒரு மணி நேரத்துக்குள், அதுவும் பெரியவர் கூட இருந்து என்கிறது.

அந்த ஒரு மணி நேரம் நாள் முழுவதற்கும் சேர்த்து. காலையில் இட்லி ஊட்டும்போதே போன் கையில் வந்திருக்கும், சாயங்காலம் தாத்தாவோடு டிவி. பள்ளிக்கு என்று மிஞ்சுவது கால் மணி நேரம் இருந்தால் பெரிய விஷயம். என் கணக்கு இது: பிரீ-கே.ஜி.க்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஐந்து நிமிடம். எல்.கே.ஜி.க்குப் பத்து, யு.கே.ஜி.க்குப் பதினைந்து. பள்ளியோடு கிரெஷ்ஷும் நடத்துகிறீர்கள் என்றால், இரண்டு வயது நிரம்பாத குழந்தைகள் போர்டு ஓடும் அறையில் இருக்கவே வேண்டாம்.

நேரத்தைவிட முக்கியமானது பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது. 2003இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பட்ரீஷியா குல் குழுவினர் ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்கு மாண்டரின் பேச்சைக் கேட்கவைத்துப் பார்த்தார்கள். எதிரில் ஆள் உட்கார்ந்து பொம்மை காட்டி, கதை படித்துப் பேசியபோது குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்து அறியக் கற்றன. அதே பேச்சை வீடியோவில் கேட்ட குழந்தைகளுக்கு அது வரவில்லை, வெறும் ஒலிப்பதிவில் கேட்டவர்களுக்கும் வரவில்லை. நம் பிள்ளைகள் அதைவிடப் பெரியவர்கள்தான். ஆனால் மூன்று நான்கு வயதிலும் திரையில் பார்த்ததைப் புரிந்துகொள்ளப் பக்கத்தில் ஒருவர் பேச்சுக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே வீடியோவைப் போட்டுவிட்டு மேஜையில் உட்கார்ந்து டைரியில் கையெழுத்துப் போடுவது என்ற பழக்கத்தை ஆரம்பத்திலேயே வைத்துக்கொள்ளாதீர்கள்.

மாட்டும் உயரம், வெயில், கரன்ட்

மூன்று வயதுப் பிள்ளை மூன்றடியைக் கொஞ்சம் தாண்டும். கையைத் தூக்கினால் நாலடிக்குச் சற்றுக் குறைவாக எட்டும். 75 அங்குலப் பேனலின் உயரமே மூன்றடி. மாட்ட வருபவர் பெரிய வகுப்புப் பழக்கத்தில் தரையிலிருந்து மூன்றடி விட்டு மாட்டிவிடுவார், பிள்ளைக்கு அதன் அடி ஓரம்தான் எட்டும். கீழ் ஓரம் தரையிலிருந்து ஒன்றரை அடியில் வரட்டும் என்று அடித்துச் சொல்லுங்கள். ஏற்கெனவே மாட்டியாகிவிட்டது, மாற்ற மாட்டார்கள் என்றால், தொட வேண்டிய படங்களை எல்லாம் திரையின் அடி ஓரத்தை ஒட்டி வருமாறு செய்துகொள்ளுங்கள். ஸ்டூல் போட்டு ஏற்ற வேண்டாம். விழுந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

சக்கரம் வைத்த ஸ்டாண்டில் நிற்கும் பேனல் என்றால் இன்னும் ஜாக்கிரதை. 75 அங்குலப் பேனல் ஐம்பது கிலோ அளவுக்குக் கனக்கும். சக்கரத்தைப் பூட்டி, ஸ்டாண்டைச் சுவரோடு கம்பி போட்டுக் கட்டிவிட வேண்டும். பிள்ளைகள் அதைப் பிடித்துத் தொங்கிப் பார்ப்பார்கள், சந்தேகமே வேண்டாம்.

இந்தப் பேனல் தொடுவதை எப்படி அறிகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கோளாறுக்கு மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டியிருக்காது. பள்ளிகளில் மாட்டும் பேனல்களில் பெரும்பாலானவற்றின் ஓரச் சட்டத்திலிருந்து அகச்சிவப்புக் கதிர்கள் கண்ணாடிக்கு முன்னால் குறுக்கும் நெடுக்குமாக ஓடுகின்றன. விரல் அந்தக் கதிரை மறித்ததும், மறித்த இடம் எது என்று கருவி கணக்குப் போடுகிறது. விரல்தான் என்றில்லை, எது மறித்தாலும் அதற்குத் தொட்ட மாதிரிதான். சட்டைக் கை, சடையில் கட்டிய ரிப்பன், சாய்ந்து நிற்கும் இன்னொரு பிள்ளையின் தோள், சில சமயம் கண்ணாடியில் உட்கார்ந்த ஈ. எல்லாவற்றையும்விட அதிகமாகத் தொந்தரவு தருவது கழுத்தில் தொங்கும் ஐ.டி. கார்டு. பிள்ளை ஆர்வமாக முன்னால் குனிந்ததும் கார்டு ஆடிப் போய்த் திரையில் படும். விரல் ஆப்பிளைத் தொட, கார்டு வாழைப்பழத்தைத் தேர்ந்தெடுத்துவிடும். “தப்பு” என்று திரை சத்தம் போட, பிள்ளைக்கு முகம் சுருங்கிவிடும். போர்டுக்குப் போகும் முன் கார்டை முதுகுப் பக்கம் திருப்பிப் போட்டுவிடுங்கள்.

நேர் வெயிலும் இதே வேலையைச் செய்யும். சூரிய ஒளியிலும் அகச்சிவப்பு இருப்பதால், கிழக்கு ஜன்னல் வழியே காலை வெயில் சட்டத்தில் விழுந்தால் யாரும் தொடாமலே திரை தானாக ஓடும், அல்லது தொட்டாலும் அசையாது. வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? கெட்டித் திரைச்சீலை ஒன்று போடுங்கள். சாக்பீஸ் கரும்பலகை பக்கத்திலேயே இருந்தால் அதன் தூள் சட்டத்தின் இடுக்கில் படியும், அந்த இடத்தில் கோடு அறுந்து அறுந்து வரும்.

கரன்ட் விஷயம்: பேனலின் பின்புறம் ஒட்டியிருக்கும் வாட் அளவைப் பார்த்து, அதற்குத் தாங்கும் யு.பி.எஸ். வைக்கச் சொல்லுங்கள். பிளக் பாயின்ட் பிள்ளைகள் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். தரையில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது.

தொடங்கும் நாட்கள்

ஜூன் மாதம் அழுகை ஓயும்வரை போர்டு துணி போர்த்தியே இருக்கட்டும். அழுகிற பிள்ளைக்கு ரைம்ஸ் போட்டால் உடனே அடங்கும், உண்மைதான். நாளையிலிருந்து அது அம்மாவுக்காக அழுவதை விட்டுவிட்டுத் திரைக்காக அழும். அந்த வழக்கை அப்புறம் தீர்க்க முடியாது.

பிள்ளைகள் பழகியதும், போர்டை இயக்காமலே போய்வரும் பழக்கத்தைச் சொல்லிக்கொடுங்கள். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு, அதற்குப் பின்னால் எல்லோரும் உட்கார்வது. பெயர் சொன்னால் எழுந்து, கையைத் துண்டில் துடைத்து, கார்டைப் பின்னால் தள்ளி, ஒற்றை விரலைக் காட்டிக்கொண்டு போவது. தொட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு திரும்பி வருவது. சுவரில் ஒட்டிய சார்ட்டை வைத்தே இதை நாலைந்து நாள் விளையாட்டாகச் செய்யலாம். போர்டு இல்லாமலே வரிசையும் முறையும் வந்துவிட்டால், போர்டு வந்த பிறகு தள்ளுமுள்ளு குறையும்.

திறக்கும் நாளில் எந்தப் பாடமும் வேண்டாம். வெள்ளைப் பக்கம், ஒரே நிறம். ஒவ்வொரு பிள்ளையும் வந்து ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகட்டும். தன் விரல் போன வழியில் சிவப்பாக ஒன்று தொடர்ந்து வருவதைப் பார்த்ததும் பலர் விரலைத் திருப்பி நுனியில் சாயம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைக் கவனித்து “விரலில் இருக்குதா கண்ணு? அப்போ கலர் எங்கேயிருந்து வந்தது?” என்று கேளுங்கள். அன்றைக்கு அது போதும். அழிக்கும் பொத்தானைக் கடைசி ஆளாக நீங்களே அமுக்குங்கள். அதைக் காட்டிவிட்டால் வரைவதை விட்டுவிட்டு அழிப்பதற்கே போட்டி போடுவார்கள்.

மூன்று வயதில் தட்டுவது சுலபம், இழுத்துக்கொண்டு போய் வேறிடத்தில் விடுவது கஷ்டம். பாதி வழியில் விரலைத் தூக்கிவிடுவார்கள், படம் பழைய இடத்துக்கே ஓடிவிடும். ஆகவே பிரீ-கே.ஜி.க்குத் தட்டும் விளையாட்டுகளே போதும், இழுத்துச் சேர்ப்பதை எல்.கே.ஜி. நடுவில் தொடங்கலாம். சின்னப் பிள்ளைகள் அழுத்தி, நேரம் எடுத்து வைப்பார்கள். அதிக நேரம் விரலை வைத்தால் சில மென்பொருள்களில் வேறு மெனு வந்து நிற்கும். “டக்குனு தொட்டுட்டு எடு” என்று ஒரு தடவை செய்து காட்டுங்கள். தொட வேண்டிய படம் பிள்ளையின் உள்ளங்கை அளவாவது இருக்கட்டும்.

எழுத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். போர்டில் விரலால் ‘அ’ போட வைப்பதைப் பெற்றோர்கள் வீடியோ எடுத்துப் பூரிப்பார்கள். கண்ணாடி வழுக்கும், பிடிமானம் கிடையாது, பென்சில் பிடிக்கும் விரல்களுக்கு அதில் வேலையே இல்லை. விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் எழுதினார்களே, அதே அரிசித் தட்டு இந்த வேலைக்கு நூறு மடங்கு மேல். மணலும் ஆகும். யு.கே.ஜி.யில் கோடு எளிதாக வரும் ட, ப, ம எழுத்துகளின் வடிவத்தைப் பெரிதாகப் போர்டில் காட்டி, காற்றில் கையால் போடச் சொல்லி, பிறகு அரிசியில் எழுத விடுங்கள்.

ஒரு பாடத்தை முழுதாக: முள்ளு கத்தரிக்காய்

காய்கறி வாரம் என்று வைத்துக்கொள்வோம். காலையில் மார்க்கெட்டிலிருந்து நாலைந்து முள்ளு கத்தரிக்காய் வாங்கிக்கொள்ளுங்கள். இலவம்பாடி முள்ளு கத்தரி நம் மாவட்டத்துச் சரக்கு, 2023இல் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. காம்பில் இருக்கும் நீள முட்களை நகவெட்டியால் நறுக்கிவிட்டு, குட்டையாக ஒன்றிரண்டை மட்டும் விட்டுவையுங்கள்.

முதல் பத்து நிமிடம் போர்டு அணைந்தே இருக்கும். பிள்ளைகள் வட்டமாக உட்கார, தட்டில் காய் சுற்றி வரும். காம்பை எப்படித் தொடுவது என்று ஒவ்வொரு விரலாக நீங்கள் பிடித்துக் காட்டுங்கள். “குத்துது மிஸ்!” என்று ஒன்று கத்தும், உடனே எல்லோருக்கும் குத்திப் பார்க்க வேண்டும். “எங்க ஆயா வூட்ல இருக்குது” என்று இன்னொன்று ஆரம்பிக்கும். விடுங்கள், ஆயா வீட்டுக் கதை முழுவதும் வரட்டும். வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளை வங்காய என்று சொன்னால் ஆமாம் என்று சொல்லி அந்தப் பேரையும் எல்லோரையும் சொல்ல வையுங்கள். உருது பேசும் பிள்ளைக்கும் அப்படியே. ஒரு காயை இரண்டாக அறுத்து உள்ளே பார்க்கக் கொடுங்கள்.

இப்போது போர்டு. மூன்றே படம். முதலாவது, காய் தொங்கும் செடி. இலைக்குள் மறைந்திருக்கும் காய்களை ஒவ்வொருவராக வந்து தொட வேண்டும். “இன்னும் ஒண்ணு ஒளிஞ்சிருக்கு, யாருக்குத் தெரியுது?” உட்கார்ந்திருப்பவர்கள் வழி சொல்வார்கள்: மேலே, இல்ல கீழே, அந்தப் பூவுக்குப் பக்கத்தில. நிற்பவன் விரல் சரியான இடத்துக்குப் போகும்வரை கத்தல்தான். அந்தக் கத்தலில்தான் பாடம் இருக்கிறது. மேலே, கீழே, பக்கத்தில், பின்னால் என்ற சொற்களை வொர்க்‌ஷீட்டில் இவ்வளவு முறை சொல்ல வைக்க முடியாது.

இரண்டாவது, அறுத்த கத்தரிக்காயின் படம், திரை முழுவதும். தட்டிலிருக்கும் காயில் கடுகு போலத் தெரிந்த விதை இங்கே ஒவ்வொன்றும் பொத்தான் அளவுக்கு நிற்கும். போர்டால் மட்டுமே ஆகும் வேலை இது, சின்னதைப் பெரிதாக்கி முப்பது பேருக்கும் ஒரே நேரத்தில் காட்டுவது. படத்தையும் தட்டையும் மாற்றி மாற்றிப் பார்க்க விடுங்கள்.

மூன்றாவது, ஐந்து காய்களின் படம். முள் இருப்பது எது, இல்லாதது எது? தொட்டதும் சரியா தப்பா என்று திரை சொல்ல வேண்டாம், அந்தச் சத்தத்தை அணைத்துவிடுங்கள். சந்தேகம் வந்தால் பிள்ளை தட்டுக்கு ஓடிப் போய் நிஜக் காயைத் தொட்டுப் பார்த்து வந்து சொல்லட்டும்.

அவ்வளவுதான், பத்து நிமிடம். “போர்டுக்கு டாட்டா” சொல்லி ஒரு பிள்ளையை விட்டே அணைக்கச் சொல்லுங்கள். பெரியவர் அணைத்தால் வரும் அழுகை, தானே அணைத்தால் வராது. அப்புறம் அறுத்த காயைச் சாயத்தில் தொட்டுக் காகிதத்தில் அச்சு வைக்கலாம்.

பாதியில் கரன்ட் போனாலும் இந்தப் பாடத்துக்கு ஒன்றும் ஆகாது, தட்டில் காய் இருக்கிறதே. எந்தப் பாடத்தைத் தயாரித்தாலும் கரன்ட் போனால் என்ன செய்வேன் என்று ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். பதில் வரவில்லை என்றால் பாடம் இன்னும் தயாராகவில்லை.

படங்களை நீங்களே எடுங்கள்

போர்டோடு வரும் கன்டென்டில் பனி பொழியும், சிவப்புக் களஞ்சிய வீடு இருக்கும், நம் பிள்ளை பார்த்தே இராத ஸ்ட்ராபெரி இருக்கும். அது தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் அதைப் பற்றி நம் பிள்ளைக்குப் பேச ஒன்றுமில்லை. கோட்டை அகழியையும் பாலாற்றுப் பாலத்தையும் பள்ளி வாசலில் நிற்கும் ஷேர் ஆட்டோவையும் உங்கள் போனிலேயே எடுத்துப் போட்டுப் பாருங்கள். “இங்க நான் போனேன்” என்று அறையில் பாதிப் பேர் எழுந்துவிடுவார்கள். அணைக்கட்டு, ஒடுகத்தூர் பக்கத்துப் பள்ளி என்றால் நிலக்கடலை பறிக்கும் வயல், கரும்பு வண்டி, எருது விடும் விழாவுக்கு அலங்கரித்த காளை. படத்தைக் கிடைமட்டமாக, வெளிச்சத்தில், ஒரே ஒரு பொருள் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள்.

சத்தங்களும் நல்ல சரக்கு. காட்பாடி ஜங்ஷன் அறிவிப்பு, குக்கர் விசில், குடியாத்தத்துத் தறிச் சத்தம், பால்காரர் மணி. திரையை வெறுமையாக விட்டுச் சத்தத்தை மட்டும் போட்டு, என்ன என்று சொன்ன பிறகு படத்தைத் திறங்கள். டிவியிலும் இது நடக்கும்.

இன்னொன்று, காலத்தைச் சுருக்கிக் காட்டுவது. ஈரப் பஞ்சில் பச்சைப்பயறு போட்டு, தினமும் அதே இடத்திலிருந்து ஒரு போட்டோ. வாரக் கடைசியில் எல்லாப் படங்களையும் வரிசையாகத் தள்ளினால் முளை வருவது கண்ணெதிரே நடக்கும். நிஜப் பயறு பக்கத்திலேயே கிண்ணத்தில் இருக்க வேண்டும் என்பதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை.

பிள்ளைகளின் முகம் தெரியும் படங்களைப் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் எடுக்கவோ அனுப்பவோ கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்டவர்களின் தரவுக்குப் பெற்றோர் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டத்தை விடுங்கள், ஒரு பிள்ளை தவறாகத் தொட்டு எல்லோரும் சிரிக்கும் வீடியோ வாட்ஸ்அப் குரூப்பில் போனால் அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கும்?

இணையத்தில் கிடைப்பவை

கதைக்கு ஸ்டோரிவீவர் தளம். பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய தளம் அது. தமிழில் நிறையப் படக் கதைகள் இலவசம், படிநிலை வாரியாக இருக்கும். முதல் நிலையை எடுங்கள், இறக்கி வைத்துக்கொண்டால் நெட் தேவையில்லை. கதையை நீங்கள் உங்கள் குரலில் படியுங்கள், பக்கத்தைப் பிள்ளை திருப்பட்டும். வரைவதற்கு டக்ஸ் பெயின்ட், சிறு விளையாட்டுகளுக்கு ஜிகாம்பிரி, இரண்டும் இலவசம், விளம்பரம் இல்லாதவை, நெட் இல்லாமலும் ஓடும். ஜிகாம்பிரியில் பத்து வயதுவரைக்கும் சேர்த்து நிறைய இருக்கும். அதிலிருந்து நாலைந்தைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை மறைத்துவிடுங்கள்.

யூடியூபை வகுப்பில் நேராகத் திறக்காதீர்கள். நடுவில் என்ன விளம்பரம் வரும், முடிந்ததும் அடுத்து எது தானாக ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை. முன்கூட்டியே முழுதும் பார்த்திருந்தாலும் ஆட்டோபிளேயை அணைத்துவிட்டுப் போடுங்கள்.

அங்கன்வாடியில் இருப்பவர்களுக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ பாடத்திட்டத்தின் கருப்பொருள்களே போதும், அதற்கேற்ற நாலு படம் சேர்த்தால் ஆயிற்று. இந்த வயதுக்காக மத்திய அரசு 2023 பிப்ரவரியில் வெளியிட்ட ஜாதுயி பிட்டாரா என்ற கற்றல் பெட்டியைப் பார்த்தாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் பொம்மையும் புதிர்த் துண்டுகளும் அட்டைகளும்தான்.

முப்பது பிள்ளை, ஒரு போர்டு

ஒருவருக்கு அரை நிமிடம் என்றாலும் முப்பது பேருக்குக் கால் மணி நேரம். கடைசிப் பிள்ளை முறை வருவதற்குள் தரையில் படுத்துவிடும். வகுப்பை மூன்றாகப் பிரியுங்கள். ஒரு குழு போர்டில், ஒன்று களிமண்ணில், இன்னொன்று ஆயாம்மாவோடு கட்டைகளில். நாளுக்கு ஒரு குழுவுக்கு மட்டும் போர்டு என்றாலும் நஷ்டமில்லை.

இருவர் இருவராக அனுப்புவதும் நன்றாக வேலை செய்யும். ஒருவர் சொல்ல வேண்டும், மற்றவர் தொட வேண்டும். அப்புறம் மாற்றிக்கொள்வது. எப்போதும் முன்னால் பாயும் பிள்ளைக்குச் சொல்லும் வேலை, பேசவே பேசாத பிள்ளைக்குத் தொடும் வேலை என்று தொடங்குங்கள். வாய் திறக்காத பிள்ளைக்கு என்ன தெரியும் என்பது விரலில் தெரிந்துவிடும். இது போர்டு தரும் நல்ல காரியங்களில் ஒன்று. சத்தம் தாங்காமல் காதைப் பொத்தும் பிள்ளை, மினுக்கும் படத்தைக் கண்டு மிரளும் பிள்ளை இருந்தால் ஒலியைக் குறைத்து, அசையாத படங்களையே வையுங்கள். வலிப்பு வந்த வரலாறு இருக்கிறதா என்று சேர்க்கும்போதே பெற்றோரைக் கேட்டுவைப்பது அவசியம்.

பெற்றோர் கேட்பார்கள்

“ஸ்மார்ட் கிளாஸுக்கு ஃபீஸ் கட்டறோம், பத்து நிமிஷம்தானா மிஸ்?” இந்தக் கேள்வி முதல் மீட்டிங்கிலேயே வரும். மழுப்ப வேண்டாம். டாக்டர்கள் சொல்லும் ஒரு மணி நேரக் கணக்கைச் சொல்லுங்கள், வீட்டில் எவ்வளவு நேரம் போன் பார்க்கிறது என்று திருப்பிக் கேளுங்கள், அறையில் மெல்ல அமைதி வரும். அப்புறம் கத்தரிக்காய்ப் பாடத்தை அவர்களை வைத்தே ஒரு முறை செய்து காட்டுங்கள். தட்டைக் கையில் வாங்கிய அப்பா ஒருவர் “எங்க ஊர்ல இதைவிட முள்ளு அதிகம்” என்று ஆரம்பித்தால், அந்த வாரம் செடி போட்டோவை அவரையே அனுப்பச் சொல்லிவிடுங்கள்.

துடைப்பது, மூடுவது

தினமும் அணைத்த பிறகு, உலர்ந்த மென்மையான துணி. எண்ணெய்க் கை பதிந்திருந்தால் துணியை லேசாக நனைத்துப் பிழிந்து துடையுங்கள். தண்ணீரை நேராகத் திரையில் தெளிக்கக் கூடாது. சட்டத்தின் நாலு ஓரங்களையும் வாரம் ஒரு முறை சின்ன பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். செட்டிங்கிற்கு பாஸ்வேர்டு போட்டு, அதை ஆபீஸிலும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், டீச்சர் வேலையை விட்டுப் போனதும் போர்டைத் திறக்க ஆளில்லாமல் போகக் கூடாது.

கோடை விடுமுறைக்கு முன் பிளக்கையும் நெட் கேபிளையும் பிடுங்கிவிடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சாயங்காலம் திடீரென்று இடி இறங்கும், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பருத்தித் துணியால் மூடிவிட்டு, பேனா, ரிமோட் இரண்டிலும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஜூனில் பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்னால் போய் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் கோடு போட்டுப் பாருங்கள். அறுந்தால் முதலில் சட்டத்தைத் துடையுங்கள். அப்படியும் வரவில்லை என்றால் சர்வீஸுக்குப் போன் போடலாம்.